ஒன்பது நிமிடம்

நெவென்கா பாரியென்டோஸ் நாவல் எழுதுகிறாள் என்பது
புந்தா அரேனாஸில் முதலில் பேருந்துப் பணிமனைக்குத்தான் தெரியும்.
பயணத் தாள்களின் பின்பக்கம்
எண்ணெய்க் கறைக்கு நடுவே சாய்ந்த சின்ன எழுத்து.
மெக்கானிக் ஓவிதியோ அதை டயர் கணக்கென்று எண்ணிக்
கோப்பில் கட்டிவிட்டான்.
மூன்றாம் அத்தியாயம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டியரிங் பிடித்த கையால் எழுத முடியாது.
தையல்காரர் ஊசியைக் கவ்வுவதுபோல்
வாக்கியத்தை உதட்டில் கவ்விக்கொள்வாள்.
மருத்துவமனை, மீன் சந்தை, கல்லறை வாசல்.
ஏறுகிறவர்களுக்குச் சில்லறை,
இறங்குகிறவர்களுக்குக் கதவு.
தெருவில் நடப்பவர்கள் கயிற்றைப் பிடித்து நகரும் அந்தக் காற்றில்
வண்டி ஒரு முழம் விலகும்போது
ஒரு பெயரடை கழன்று விழும்.
குனிந்து எடுக்க மாட்டாள்.

தெற்கே கடைசி நிறுத்தம்.
பேருந்துக்கு அப்பால் வழியில்லை, நீரிணையின் சாம்பல் நீர்தான்.
இருபத்திரண்டு நிமிட ஓய்வு.
அதுவரை கூடவே வந்து சேர்ந்ததை மட்டும் எழுதுவாள்.
வராததைத் தேடியதில்லை,
"டிக்கெட் எடுக்காமல் ஏறியிருக்கும், இறக்கிவிட்டிருப்பேன்" என்பாள்.

பிறகு புதுச் சாலை போட்டார்கள்.
கால அட்டவணை மாறியது,
இருபத்திரண்டு ஒன்பதானது.
வாக்கியங்கள் வாலை இழந்தன.
சாந்தியாகோவிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார்:
'இரண்டாம் நூலில் ஆசிரியர்
துணிந்து காற்புள்ளியைத் துறந்திருக்கிறார்.'
பணிமனைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கத்தரிப்பின் கீழே
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
போக்குவரத்துத் துறைக்கு நன்றி.

எனக்குப் பொறாமை.
சுங்க அலுவலகத்தில் கம்பளி மூட்டைகளுக்கு முத்திரை குத்துகிறவன் நான்.
வீட்டில் மேசை உண்டு, வளையும் கழுத்துள்ள விளக்கு உண்டு,
அடித்தலுக்குச் சிவப்பு, திருத்தலுக்குப் பச்சை,
பத்தொன்பது ஆண்டுகளாக
முதல் அத்தியாயம் உண்டு.
விடுப்பெடுத்து அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்,
காலை ஆறரையிலிருந்து ஆறு சுற்று.
வாக்கியம் வரவில்லை. குமட்டல் வந்தது.
எலுமிச்சை மிட்டாய் ஒன்றை நீட்டிக்
கண்ணாடி வழியே கேட்டாள்:
"என் செருப்பையும் போட்டுப் பார்க்கிறாயா?"

அன்றிரவு சாப்பிடும்போது எடெல்மிராவிடம்
குமட்டல், மிட்டாய், செருப்பு எல்லாம் சொன்னேன்.
அவள் சிரித்தாள். நன்றாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது,
ஏனென்றால் எழுத உட்கார்ந்தபோது
அத்தனையும் கழுவிக் கவிழ்த்த தட்டாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
நான்காம் சுற்றில் மீன் சந்தையில் என் தம்பி ஏறினான்.
ஆறு ஆண்டாகப் பேச்சு இல்லை.
தொப்பியை மூக்குவரை இறக்கித்
தூங்குவதாக நடித்தேன்.
இறங்கும்போது அவன் என் தோளைத் தொட்டானா,
வண்டி குலுங்கியதா,
தெரியவில்லை.

விடிவதற்குள் நான்கு பக்கம்.
பச்சை மையைத் திறக்கவே இல்லை.

அதன் பின் இதுவே வழக்கமாயிற்று.
இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன்.
தொண்டையில் முள்ளாக நின்றது எதுவோ
அதை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போவேன்.
பக்கங்களைப் படிக்க எடெல்மிராவிடம் கொடுப்பேன்.
கரண்டிக் காம்பால் வரிவரியாகத் தட்டிக்கொண்டே போவாள்.
"இது தெரியும்" என்றால் அந்த வரி போகும்.
"இது தெரியும்." போகும்.
ஒரிடத்தில் கரண்டி நிற்கும்,
என் முகத்தைப் பார்ப்பாள்,
எதுவும் கேட்க மாட்டாள்.
அந்த வரி இருக்கும்.

நெவென்காவிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.
"என்னிடம் பயணிகள் இறங்கிப் போகிறார்கள்,
உன்னிடம் கதவையல்லவா பூட்டுகிறாய்" என்றாள்.
ஒன்பது நிமிடம் முடிந்துவிட்டது, வண்டியை எடுத்தாள்.

அது கிடக்கட்டும்.
என் கவலை வேறு.
இரண்டு வாரமாக எடெல்மிரா
சாப்பாட்டு மேசையில் ஓயாமல் பேசுகிறாள்.
அடுத்த வீட்டு நாய், கேஸ் விலை,
பள்ளியில் உடைந்த ஜன்னல், தன் அக்காளின் பல்.
சொல்லி முடித்து, கை கழுவி,
உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

நேற்று என் பச்சை மையைக் காணோம்.